கணையத்தில் வளரும் ‘இன்னொரு’ கட்டி... உடம்புக்குள் இருக்கும் எடிட்டர் தடுமாறினால்?

2013 ஜனவரி. இங்கிலாந்தைச் சேர்ந்த கிடார் கலைஞர் வில்கோ ஜான்சனிடம் டாக்டர்கள் அந்தச் செய்தியைச் சொன்னார்கள். கணையத்தில் புற்றுநோய். ஆபரேஷன் செய்ய முடியாது. கீமோதெரபி எடுக்காவிட்டால் இன்னும் பத்து மாதம் இருக்கலாம்.

வில்கோவின் பாட்டைக் கேட்காதவர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முறைத்துக்கொண்டே நிற்பாரே, தலையை வெட்டும் அரண்மனைக் கொலையாளி... அவர்தான்.

கீமோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார் வில்கோ. ரசிகர்களிடம் விடைபெறுவதற்காகவே கச்சேரிகள் நடத்தினார். ‘தி ஹூ’ குழுவின் ரோஜர் டால்ட்ரியுடன் சேர்ந்து கடைசி ஆல்பம் என்று நினைத்து ஒன்றைப் பதிவு செய்தார். சொன்ன கெடு கடந்துபோனது. வயிற்றில் கட்டி பெரிதாகிக்கொண்டே இருந்தது; மனிதர் மட்டும் மேடையில் நின்று கிடார் வாசித்துக்கொண்டிருந்தார்.

அவர் கச்சேரிகளைப் படம் எடுக்க வந்த சார்லி சான் என்பவர் புகைப்படக்காரர் மட்டுமல்ல, புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணரும்கூட. ‘சாதாரணக் கணையப் புற்றுநோய் என்றால் இவர் இந்நேரம் இப்படி நின்று வாசிக்க முடியாதே’ என்று அவருக்கு உறுத்தியது. கேம்பிரிட்ஜில் உள்ள ஆடன்புரூக்ஸ் மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். 2014-ல் அங்கே இம்மானுவேல் ஹூகே தலைமையிலான குழு, 3 கிலோ எடையுள்ள கட்டியை வெட்டி எடுத்தது. கணையமும் மண்ணீரலும் கூடவே போயின. அது வேறு கட்டி. பெயர், நியூரோஎண்டோகிரைன் ட்யூமர்.

வில்கோ 2022 நவம்பர் வரை வாழ்ந்தார். பத்து மாதம் என்றவர்களுக்குப் பத்து வருடம் காட்டிவிட்டுப் போனார், 75 வயதில்.

ஒரே வீட்டில் இரண்டு தொழில்

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் சுமார் 15 சென்டிமீட்டர் நீள உறுப்பு. இங்கே இரண்டு தொழில் நடக்கிறது. பெரும்பகுதி, ஜீரணத் திரவம் சுரந்து குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்பும் வேலையைச் செய்கிறது. நடுநடுவே குட்டிக் குட்டித் தீவுகளாகச் சில செல்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. மொத்த எடையில் ஒன்றிரண்டு சதவிகிதம்தான். 1869-ல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் அவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிவைத்தார். எதற்கு இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். சர்க்கரை நோய் இல்லாத வீடே இல்லை என்றாகிவிட்ட ஊர் நம்முடையது. இன்சுலின் அங்கேதான் சுரக்கிறது.

இன்சுலின் மட்டுமல்ல. சர்க்கரையை ஏற்றிவிடும் குளுகோகான், இரண்டுக்கும் பிரேக் போடும் சொமாட்டோஸ்டேட்டின் என்று வேறு ஹார்மோன்களும் உண்டு. இந்தச் செல்களுக்குப் பாதி நரம்பு செல்லின் குணம், பாதி சுரப்பியின் குணம். அதனால்தான் ‘நியூரோ’ ப்ளஸ் ‘எண்டோகிரைன்’.

கணையப் புற்றுநோய் என்று நாம் கேள்விப்படுவதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முதல் வகை. ஜீரணக் குழாய்ப் பக்கத்தில் பிறந்து, ஓசையில்லாமல் பரவி, வேகமாக ஆளை முடிப்பது. தீவு செல்களின் பக்கத்திலிருந்து வருவது கணையக் கட்டிகளில் நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. ஆனால், வந்தவர்களில் உலகத்துக்கே தெரிந்த பெயர்கள் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ். பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின். நம் நடிகர் இர்ஃபான் கானும் தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று 2018 மார்ச்சில் அறிவித்தார்; எந்த உறுப்பில் என்று அந்த அறிவிப்பில் அவர் சொல்லவில்லை. 2020 ஏப்ரல் 29-ல் மும்பையில் காலமானார்.

ஜாப்ஸ் கதை பலருக்குத் தெரியும். 2003 அக்டோபரில் வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கட்டி தெரிந்தது. பயாப்ஸியில் இது குணப்படுத்த வாய்ப்புள்ள அரிய வகை என்று தெரிந்ததும் டாக்டர்களே கண்கலங்கினார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மேடையில் அவரே சொன்னார். உடனே ஆபரேஷன் செய்துகொள்ளாமல் ஒன்பது மாதம் உணவுமுறை, மாற்று மருத்துவம் என்று அவர் தள்ளிப்போட்டதை அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வால்டர் ஐசக்சன் பதிவு செய்திருக்கிறார். அந்த ஒன்பது மாதம் எவ்வளவு சேதம் செய்தது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. இருந்தாலும், படிக்கும்போது நமக்கே கை பதறும்.

விரதம் இருந்தால் பித்துப் பிடித்ததுபோல...

இந்தக் கட்டிகளில் சில, தாங்கள் பிறந்த செல்லின் தொழிலை விடாமல் செய்யும். அளவு தெரியாமல் செய்யும் என்பதுதான் பிரச்னை.

இன்சுலினைக் கொட்டும் கட்டிக்கு இன்சுலினோமா என்று பெயர். விடியற்காலையில், வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் ஆள் வியர்த்துப்போவார். பேச்சு குழறும். சம்பந்தமில்லாமல் கோபப்படுவார். சிலருக்கு வலிப்பே வரும். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் எதுவும் நடக்காததுபோல உட்கார்ந்திருப்பார். ‘பேய் பிடித்திருக்கிறது’, ‘மனநோய்’ என்று வருடக்கணக்கில் அலைந்த பிறகு காரணம் தெரியவந்த நோயாளிகள் உலகம் முழுக்க உண்டு.

1920-களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்குக்கு இப்படி ஒருவர் வந்தார். அவரே ஒரு டாக்டர். மணிக்கு மணி ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டால்தான் நிதானத்தில் இருப்பார். வயிற்றைத் திறந்து பார்த்த வில்லியம் மேயோ, கணையத்தில் கட்டியும் அது கல்லீரலுக்குப் பரவியிருப்பதையும் கண்டார். அந்தக் கட்டியிலிருந்து எடுத்த சாற்றை முயலுக்கு ஊசி போட்டார்கள். முயலின் சர்க்கரை இறங்கியது. இன்சுலின் மருந்தாக வந்து ஐந்தாறு வருடம்கூட ஆகாத காலம் அது. 1929-ல் டொரன்டோவில் ராஸ்கோ கிரஹாம் இப்படியொரு கட்டியை அகற்றி நோயாளியைக் குணப்படுத்தினார். எந்த ஊரில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்களோ அதே ஊரில்!

இரைப்பையில் அமிலத்தைப் பொங்கவைத்து ஆறாத அல்சரைத் தரும் கட்டி உண்டு. தோலில் விநோதமான தடிப்பைக் கொண்டுவரும் கட்டி உண்டு. ஆனால் பெரும்பாலானவை எந்த ஹார்மோன் தொந்தரவும் தராமல் ஊமையாகவே வளர்கின்றன. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் மாட்டுகின்றன.

இங்கேதான் டாக்டர்களைக் குழப்பும் கேள்வி வருகிறது. மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டிகள். ஒன்று பத்து வருடம் அசையாமல் கிடக்கிறது. இன்னொன்று இரண்டே வருடத்தில் கல்லீரலில் போய் உட்காருகிறது. ஒருவருக்கு ஊசி மருந்து அழகாகக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்பதில்லை. ஏன்?

பதிலின் ஒரு பகுதி, செல்லுக்குள் நடக்கும் எடிட்டிங் வேலையில் இருக்கிறது என்று இப்போது தெரியவந்திருக்கிறது.

ஷூட்டிங் முழுக்கப் படத்தில் வராது

சினிமாவில் எடுத்த காட்சி எல்லாம் தியேட்டருக்கு வந்துவிடாது. பல மணி நேர ரஷ் எடிட்டரின் மேஜைக்குப் போகும். வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டி, இரண்டரை மணி நேரப் படமாக வெளியே வரும். படச்சுருள் காலத்தில் இப்படி வெட்டி ஒட்டுவதற்கு ‘ஸ்ப்ளைசிங்’ என்றே பெயர். உயிரியல்காரர்களும் அதே வார்த்தையைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

நம் டி.என்.ஏ-வில் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு, அதாவது மரபணு, தொடர்ச்சியாக எழுதப்பட்டிருப்பதில்லை. நாலு வரி குறிப்பு. பிறகு நாற்பது பக்கம் சம்பந்தமில்லாத எழுத்து. மறுபடி நாலு வரி குறிப்பு. செல் முதலில் எல்லாவற்றையும் அப்படியே ஆர்.என்.ஏ-வாக நகல் எடுக்கிறது. அதுதான் ரஷ். பிறகு சம்பந்தமில்லாத பகுதிகளை வெட்டி வீசிவிட்டு, குறிப்புகளை மட்டும் வரிசையாக ஒட்டுகிறது. ஒட்டப்படும் துண்டு எக்ஸான். வெட்டி வீசப்படுவது இன்ட்ரான். வெட்டி ஒட்டும் இயந்திரம் ஸ்ப்ளைசோசோம். நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களும் ஐந்து சிறிய ஆர்.என்.ஏ-க்களும் சேர்ந்த பெரிய பட்டறை அது. ஒவ்வொரு மரபணுவுக்கும் கூடிக் கூடிக் கலைகிறது.

எவ்வளவு வெட்டுகிறது என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். தசைக்குத் தேவையான டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தின் மரபணு 20 லட்சம் எழுத்துகளுக்கு மேல் நீளம். அதை ஒருமுறை நகல் எடுக்கவே செல்லுக்குச் சுமார் 16 மணி நேரம் ஆகிறது. எடிட்டிங் முடிந்து மிஞ்சுவது ஏறக்குறைய 14,000 எழுத்து. தமிழ்ப் பட எடிட்டர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள். எந்த டைரக்டர் இவ்வளவு வெட்ட விடுவார்?

1977-ல் இதைக் கண்டுபிடித்தவர்களுக்கே அதிர்ச்சிதான். அமெரிக்காவில் ஃபிலிப் ஷார்ப் குழுவும் ரிச்சர்டு ராபர்ட்ஸ் குழுவும் தனித்தனியாக, சளி காய்ச்சல் தரும் அடினோ வைரஸை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்.என்.ஏ-வை அதன் டி.என்.ஏ-வோடு ஜோடி சேர்த்தால் ஒழுங்காக ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுநடுவே டி.என்.ஏ வளையம் வளையமாகத் துருத்திக்கொண்டு நின்றது. அந்த வளையங்களுக்கு ஜோடி ஆர்.என்.ஏ-வில் இல்லை, வெட்டிவிட்டார்கள்! 1993-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, வெட்டி ஒட்டுவது ஒரே மாதிரி நடந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஒரே ரஷ்ஷை வைத்து இரண்டு மூன்று படம் பண்ணுகிறது செல். மனிதனுக்கு இருக்கும் புரத மரபணுக்கள் சுமார் 20,000-தான். அவற்றில் எக்ஸான்கள் பலவாக இருக்கும் மரபணுக்களில் 90 சதவிகிதத்துக்கும் மேல், ஒன்றுக்கு மேற்பட்ட விதத்தில் வெட்டி ஒட்டப்படுகின்றன.

இதற்கு மிக அழகான உதாரணம் தைராய்டில் இருக்கிறது. கால்சிடோனின் என்ற ஹார்மோனுக்கான மரபணு, தைராய்டு செல்லில் ஒருமாதிரி எடிட் ஆகிறது. எலும்பையும் கால்சியத்தையும் கவனிக்கும் ஹார்மோன் வருகிறது. அதே மரபணு நரம்பு செல்லில் வேறுமாதிரி எடிட் ஆனால், ரத்தக்குழாயை விரியவைக்கும் வேறொரு பொருள் வருகிறது. ஒற்றைத் தலைவலிக்கு இன்று வரும் புதிய ஊசிகள் தடுப்பது அந்த இரண்டாவது பொருளைத்தான். ஒரே மரபணு! இதை 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் ரோசன்ஃபெல்டு, சூசன் அமரா, ரொனால்டு எவன்ஸ் ஆகியோர் கண்டறிந்தது எப்படித் தெரியுமா? எலியின் தைராய்டில் வரும் ஒரு நியூரோஎண்டோகிரைன் கட்டியை ஆராய்ந்தபோது, அது திடீரென்று கால்சிடோனின் செய்வதை நிறுத்திவிட்டு வேறெதையோ செய்ய ஆரம்பித்தது. இந்த வகைக் கட்டிகளுக்கும் எடிட்டிங் கோளாறுக்கும் உள்ள பழக்கம் அவ்வளவு பழையது.

ஒரு துண்டு விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு வீட்டிலேயே உதாரணம் சொல்லலாம். டாக்டர் சீட்டில் எழுதுகிறார்: ‘மருந்தை இரவில் சாப்பிட வேண்டாம், காலையில் சாப்பிடவும்.’ நகல் எடுப்பவர் நடுவில் மூன்று சொற்களை விட்டுவிட்டார். ‘மருந்தை இரவில் சாப்பிடவும்.’ எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அர்த்தம் மட்டும் தலைகீழ்.

எழுத்து மாறவில்லை, வெட்டு மாறியது

புற்றுநோய் என்றாலே ‘மரபணுவில் பிழை’ என்று படித்திருக்கிறோம். கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிகளின் மரபணுவைப் படித்தவர்களுக்கு ஒரு ஆச்சர்யம் காத்திருந்தது. 2011-ல் 68 கட்டிகளை ஆராய்ந்த அமெரிக்கக் குழு, 44 சதவிகிதத்தில் ‘மென்-1’ என்ற மரபணு கெட்டிருப்பதைக் கண்டது. டி.என்.ஏ-வைச் சுருட்டி அடுக்கிவைக்கும் வேறு இரண்டு மரபணுக்கள் 43 சதவிகிதத்தில் கெட்டிருந்தன. 2017-ல் இன்னும் பெரிய ஆய்வு ஒன்று சுமார் 100 கட்டிகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தது. மொத்தத்தில், குழாய்ப் பக்கத்துக் கணையப் புற்றுநோயோடு ஒப்பிட்டால் இங்கே எழுத்துப்பிழைகள் குறைவு. இவ்வளவு குறைந்த பிழைகளை வைத்துக்கொண்டு ஒரு கட்டி ஏன் சாதுவாகவும் இன்னொன்று ஏன் முரடாகவும் இருக்கிறது என்பதை முழுமையாக விளக்க முடியவில்லை. அதனால்தான் சிலரின் பார்வை ஆர்.என்.ஏ பக்கம் திரும்பியது.

மென்-1 மரபணுவிலேயே வெட்டுக் கோளாறு உண்டு. குடும்பத்தில் வழிவழியாக இந்த மரபணு கெட்டு வந்தால், அப்பாவுக்கு அடிக்கடி கிட்னி ஸ்டோன், அத்தைக்குத் தலைக்குள் பிட்யூட்டரி கட்டி, அண்ணனுக்கு ஆறாத அல்சர் என்று ஆளுக்கொரு நோயாகத் தெரியும். மூன்றுக்கும் ஒரே வேர் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. இந்த மரபணுவில் உலகின் பல குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒரு பிழை, எக்ஸானில் இல்லை. எடிட்டர் வெட்டி வீசப்போகும் இன்ட்ரானில், அடுத்த எக்ஸான் தொடங்குவதற்கு ஒன்பது எழுத்து முன்னால் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. குப்பைக்குப் போகும் பகுதிதானே, மாறினால் என்ன? அந்த மாற்றம் ‘இங்கே வெட்டு’ என்ற போலி அடையாளத்தை உண்டாக்கிவிடுகிறது. எடிட்டர் சீக்கிரமே வெட்டிவிடுகிறார், சில எழுத்துகள் கூடுதலாக ஒட்டிக்கொள்கின்றன, அதன்பின் வாசிப்பே தடம்புரள்கிறது.

நமக்கு இது புதிதல்ல. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிக அதிகமாகக் காரணமாக இருக்கும் பிழையும் இதே ரகம்தான். ஹீமோகுளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானில் ஐந்தாவது எழுத்து மாறியிருக்கும். மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளில் பலருக்குக் காரணம், ஒரு வெட்டு தவறியதுதான்.

இவையெல்லாம் ரஷ்ஷில் உள்ள கோளாறு. எடிட்டரே மாறிப்போனால்?

கோர்தோபா சொல்லும் கதை

ஸ்பெயினின் கோர்தோபா நகரத்தில் ஹுஸ்டோ காஸ்டான்யோ, ராவுல் லூக்கே ஆகியோரின் ஆய்வுக்குழு பல வருடங்களாக இதையே துருவிக்கொண்டிருக்கிறது. ஆபரேஷனில் எடுத்த கட்டியையும் அதை ஒட்டியிருந்த ஆரோக்கியமான திசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எடிட்டிங் பட்டறையின் ஊழியர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். கட்டியில் பட்டறையே கலைந்துகிடந்தது. சிலர் அளவுக்கு மீறி இருந்தார்கள், சிலர் குறைந்திருந்தார்கள்.

அதிகமாக இருந்தவர்களில் ஒருவர் நோவா-1. இவருடைய சொந்த ஊர் மூளை. நரம்பு செல்களில் எதை வெட்டுவது, எதை விடுவது என்று முடிவுசெய்யும் புரதம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்லிலும் இவருக்கு வேலை உண்டு. பாதி நரம்பு குணம் என்று சொன்னோமே, அதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி. ஆய்வகத்தில் வளர்த்த கட்டி செல்களில் நோவா-1-ஐக் குறைத்தால் செல்களின் வளர்ச்சி மட்டுப்படுகிறது. இன்னொருவர் சி.இ.எல்.எஃப்-4. இவரும் கட்டிகளில் அதிகம், முரட்டுத்தனத்தோடு தொடர்புடையவர். எவரோலிமஸ் என்ற மாத்திரைக்கு செல்கள் எப்படிப் பதில் தருகின்றன என்பதையும் மாற்றக்கூடியவர்.

அந்த மாத்திரை சாதாரணமானதல்ல. பரவிய கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு 2011 முதல் உலகம் முழுக்கக் கொடுக்கப்படுவது. 410 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து எடுத்தவர்களுக்கு நோய் முற்றாமல் நின்ற காலத்தின் நடுமதிப்பு 11 மாதம், எடுக்காதவர்களுக்கு 4.6 மாதம். ஆனால், எல்லோருக்கும் ஒரே அளவில் கேட்பதில்லை. யாருக்குக் கேட்கும் என்று எடிட்டிங் பட்டறையைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்ல முடிந்தால், கேட்காத மருந்தின் வாய்ப்புண்ணையும் சர்க்கரை ஏற்றத்தையும் ஒருவர் வீணாகத் தாங்க வேண்டியிருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வேறொன்று. சொமாட்டோஸ்டேட்டின் பிரேக் போடும் ஹார்மோன் என்றேன் அல்லவா? 1973-ல் கண்டுபிடித்த அந்த ஹார்மோன் ரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடம்கூடத் தங்காது. அதைப்போலவே, ஆனால் நீண்ட நேரம் வேலை செய்யும்படி ஆக்ட்ரியோடைடு, லான்ரியோடைடு என்ற மருந்துகளைச் செய்தார்கள். மாதம் ஒரு ஊசி. கட்டி செல்லின் சுவரில் இருக்கும் சொமாட்டோஸ்டேட்டின் ஏற்பியில் போய் உட்கார்ந்து, ‘நிறுத்து’ என்று சொல்லும். இந்த ஏற்பி செல்லின் சுவரை ஏழு முறை உள்ளும் வெளியுமாகத் தைத்துக்கொண்டு நிற்கும் ஒரு புரதம். ஐந்தாம் எண் ஏற்பியின் ஆர்.என்.ஏ சில கட்டிகளில் தவறாக வெட்டுப்படும்போது, ஏழு தையலுக்குப் பதில் நாலே தையலோடு ஒரு குட்டை ஏற்பி பிறக்கிறது. கோர்தோபா குழு அடையாளம் கண்டது இது. பிரேக் பிடிக்காதது மட்டுமில்லாமல், பக்கத்தில் நல்லபடி வேலை செய்யும் இரண்டாம் எண் ஏற்பியையும் கெடுக்கிறது. குட்டை ஏற்பி அதிகமாக இருக்கும் கட்டிகள் கூடுதல் முரட்டுத்தனம் காட்டுகின்றன. டாக்டர் சரியான ஊசியைத்தான் போடுகிறார். கதவில் பூட்டு மாறியிருக்கிறது.

வெட்டைத் திருத்த முடியுமா?

முடியும் என்று ஒரு நோய் காட்டிவிட்டது. முதுகுத்தண்டுத் தசை நலிவு நோயில், கைக்குழந்தைகளுக்குத் தலைகூட நிற்காது. அவர்களிடம் ஒரு மாற்று மரபணு இருக்கிறது. ஆனால், எடிட்டிங்கில் ஏழாவது எக்ஸான் விடுபட்டுவிடுவதால் பயன்படுவதில்லை. ஏட்ரியன் க்ரெய்னர் என்ற விஞ்ஞானியின் ஆய்வில் பிறந்த நூசினர்சென் என்ற மருந்து, அந்த எக்ஸானை விடாமல் சேர்க்கும்படி எடிட்டருக்குக் கைகாட்டுகிறது. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலைதான் நம்மைப் போன்றவர்களுக்குத் தலைசுற்றல்.

புற்றுநோயில் பாதை இவ்வளவு சுலபமாக இல்லை. ஸ்ப்ளைசோசோமையே முடக்கும் பொருள்கள் உண்டு. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த ப்ளாடினோலைடு அவற்றில் ஒன்று. அதன் வழிவந்த ஒரு மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்குக் கண்பார்வை பாதிக்கப்பட்டது; சோதனையை நிறுத்திவிட்டார்கள். நல்ல செல்லுக்கும் எடிட்டர் வேண்டுமே. பட்டறையை மூடாமல், தவறான ஒரு வெட்டை மட்டும் தடுப்பதுதான் இப்போது தேடல். கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு அப்படி ஒரு மருந்து இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை. ‘ஆர்.என்.ஏ-வைச் சரிசெய்து கணையக் கட்டியைக் கரைக்கிறோம்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

இருக்கிற சிகிச்சைகள் குறைவில்லை. பரவாத கட்டியை ஆபரேஷனில் எடுத்துவிட முடிந்தால் அதுவே முதல் வழி. இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான, ஹார்மோன் சுரக்காத, சாதுவான கட்டியைச் சில நேரம் ஸ்கேன் மூலம் கண்காணித்துக்கொண்டு சும்மாவே விட்டுவைப்பார்கள். மாத ஊசி, எவரோலிமஸ், சுனிடினிப் மாத்திரைகள், கீமோ உண்டு. இன்னொன்று, கேட்கவே சுவாரஸ்யமானது: கட்டியின் சொமாட்டோஸ்டேட்டின் ஏற்பியைத் தேடிப் போகும் பொருளோடு லூடீசியம்-177 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கட்டி ரத்தத்தில் செலுத்துகிறார்கள். கட்டி செல் எங்கே இருந்தாலும் போய் ஒட்டிக்கொண்டு உள்ளிருந்தே சுடும். இந்த லூடீசியத்தை நம் பாபா அணு ஆராய்ச்சி மையமே தயாரிக்கிறது.

எல்லாவற்றுக்கும் முதல் படி, கட்டியின் சரியான பெயர் தெரிவது. உங்கள் வீட்டில் யாருக்காவது கணையத்தில் கட்டி என்று சொன்னால், பயாப்ஸி ரிப்போர்ட்டின் ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘அடினோகார்சினோமா’ என்று இருக்கிறதா, ‘நியூரோஎண்டோகிரைன்’ என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது என்றால், ‘கே.ஐ-67’ என்று ஓர் எண் இருக்கும். எத்தனை சதவிகித செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்பதன் கணக்கு அது. 3-க்குக் கீழே என்றால் முதல் கிரேடு, 20 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. மூன்றாவதில் செல்லின் அமைப்பு கட்டுக்கோப்பாக இருக்கிறதா, குலைந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லையென்றால், ஏன் இல்லை என்று டாக்டரிடம் கேட்கலாம். தவறே இல்லை.

குடும்பத்தில் கிட்னி ஸ்டோன், ரத்தத்தில் கால்சியம் அதிகம், பிட்யூட்டரி கட்டி என்று யாருக்காவது இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும்!